ஸ்பிரிங் வெட்டிய காலம்

நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீடு. சாப்பாடு முடிந்து மண்டப வாசலில் நாற்பதைத் தாண்டிய நாலைந்து பேர் நிற்கிறோம். பேச்சு பிள்ளைகளின் படிப்பில் தொடங்கி, ஆளாளுக்கு இருக்கும் சுகரில் கொஞ்ச நேரம் நின்று, கடைசியில் காரில் வந்து சேர்கிறது. வெளியே வரிசையாக நிற்கும் புது எஸ்யூவிகளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. “லேய் மக்கா, உனக்க செவப்பு ஜென் இப்ப எங்கடே கெடக்கு?” என்று ஒருவன் கேட்கிறான். கேட்கப்பட்டவன் முகத்தில் அந்த நொடியே இருபது வயது குறைகிறது. ஜென்னை விற்றுப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. அதன் சைலன்சர் சத்தத்தை இன்றும் வாயால் போட்டுக் காட்டுகிறான்.

இந்தப் பேச்சை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கே போனாலும் கேட்கலாம். தக்கலையில், கருங்கலில், குளச்சலில், தோவாளையில். ஏறக்குறைய 1998-லிருந்து 2012 வரைக்கும், கம்பெனி கொடுத்தபடியே காரை ஓட்டுவதை எங்கள் செட்டுப் பையன்கள் ஒரு குறையாகவே நினைத்தோம். வண்டியைத் தாழ்த்த வேண்டும், வீல் மாற்ற வேண்டும், சைலன்சர் மாற்ற வேண்டும், பின்கண்ணாடிக்கு மேலே ஒரு ஸ்பாய்லர் வேண்டும். ‘ஆல்டர் பண்ணின வண்டி’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். அந்தக் காலம் எப்படி வந்தது, ஏன் போனது என்பதை இளமை நினைவு என்று ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. இயந்திரம், பணம், இந்த மாவட்டத்துச் சாலைகள், சட்டம் என்று பலதும் சேர்ந்து உண்டாக்கிய காலம் அது. எங்கள் ஏக்கம் வேகத்தைப் பற்றியது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் கேட்ட பேச்சுகளில் எல்லாம் அது பட்டறையைச் சுற்றியேதான் வந்திருக்கிறது.

கையால் தொட முடிந்த இஞ்சின்

எல்லாம் மாருதி 800-ல் தொடங்குகிறது. 1983 டிசம்பரில் வந்த வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதைத் தொடாத குதிரைத்திறன். எங்கள் கைக்கு வரும்போது அது இரண்டோ மூன்றோ கை மாறியிருக்கும். வளைகுடாவில் வேலை பார்க்கும் சித்தப்பாவோ மாமாவோ, லீவுக்கு வந்தால் ஓட்ட ஒரு வண்டி வேண்டுமே என்று வாங்கிப் போட்டிருப்பார். அவர் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியதும் சாவி வீட்டுப் பையன் கைக்கு வந்துவிடும். ‘வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் போடு, பேட்டரி செத்துப்போகும்’ என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அந்த ஒரு வாக்கியத்தை அனுமதியாக எடுத்துக்கொண்டு நாங்கள் செய்தது கொஞ்சநஞ்சமல்ல.

800-ன் எடை சுமார் 650 கிலோதான். வண்டி அவ்வளவு லேசாக இருப்பதால் எந்தச் சின்ன மாற்றமும் ஓட்டுகிறவன் கைக்குத் தெரியும். டயரில் நாலு பாயிண்ட் காற்று கூடினால் ஸ்டீயரிங் சொல்லிவிடும். பழைய மாடல்களில் பெட்ரோலையும் காற்றையும் கலப்பது கார்பரேட்டர். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பித்தளையில் செய்த ஜெட் என்ற குட்டித் திருகு ஒன்று. அதன் நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளை. பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பதை அந்தத் துளைதான் முடிவு செய்யும். காற்று தாராளமாகப் போகிற ஏர் ஃபில்டரை மாட்டினால் ஜெட்டையும் ஒரு அளவு பெரிதாக்க வேண்டும். புகையைத் தடையில்லாமல் வெளியே விடுகிற ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரை மாட்டினாலும் அப்படித்தான். ஒன்றைத் தொட்டால் இன்னொன்றையும் தொட்டாக வேண்டும். சரியாக வந்ததா என்று சொல்ல ஸ்கிரீன் எதுவும் இல்லை. இஞ்சினுக்குள் தீப்பொறி போடுகிற ஸ்பார்க் பிளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிளக் பார்ப்பதை நான் கற்றது மார்த்தாண்டத்தை ஒட்டிய ஒரு பட்டறையில். தகரக் கொட்டகை, நடுவில் ஒரு குழி, முற்றத்தில் பலா மரம். மூத்த மெக்கானிக்கை எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். வர்மமும் களரியும் சொல்லித் தருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் உள்ள சொல் அது. பட்டறைக்கும் அப்படியே வந்துவிட்டது. முதல் நாள் ஆசான் என் கையில் ஸ்பானர் தரவில்லை. வண்டியை மூன்றாவது கியரில் வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, பம்மம் பக்கம் ஆளில்லாத மேட்டில் ஒரே இழுப்பாக ஏற்றச் சொன்னார். மேல் போனதும் கிளட்சை மிதித்துச் சாவியை அணைத்து, உருட்டிக்கொண்டே வந்து ஓரம் கட்ட வேண்டும். ஐடிலில் ஒரு நிமிஷம் ஓடவிட்டாலும் பிளக் பொய் சொல்லும் என்றார். நடுப் பிளக்கைக் கழற்றி, வேட்டி முனையில் பிடித்துக்கொண்டு, பலா மரத்து நிழலை விட்டு வெயிலுக்கு வந்து என்னிடம் காட்டினார்.

“வெள்ளையா இருக்கா? பெட்ரோல் காணல. இஞ்சின் வெந்துபோகும். கரி புடிச்சுக் கறுப்பா இருந்தா பெட்ரோல் கூடிப்போச்சு. மட்ட நெறம் வரணும், கேட்டியா? முத்தின தேங்கா மட்ட.” அன்றைக்கு என் பிளக் சுண்ணாம்பு வெள்ளையில் இருந்தது. ஜெட் மாற்றினோம். மறுபடி மேடு. மறுபடி பிளக். சாயங்காலம் ஐந்தாவது தடவை கழற்றியபோதுதான் அந்தப் பழுப்பு வந்தது. இஞ்சினுக்குள் நடக்கும் தீயைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. பள்ளிக்கூடத்தில் எரிதல் என்று படித்த பாடம் அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது.

அப்புறம் வண்டிகள் வரிசையாக வந்தன. 1993-ல் ஜென், அடுத்த வருஷம் எஸ்டீம். 1998-ல் ஹோண்டா சிட்டி. அதே வருஷம் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர். 1999-ல் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான். புதிதாக வாங்க எங்களால் முடியாது. ஐந்தாறு வருஷம் கழித்து இரண்டாம் கையில் விலை இறங்கும்போது வாங்குவோம். அதனால் சென்னைக்காரர்களுக்கு முடிந்துபோன ஒவ்வொரு மோகமும் எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. இந்த வரிசையில் மகுடம் என்றால் 2000-ல் வந்த சிட்டி 1.5 விடெக். நூறைத் தாண்டிய குதிரைத்திறன். அதன் இஞ்சினில் வால்வைத் திறந்து மூடும் கேம் இரண்டு விதமாக வேலை செய்யும். சாதாரணமாக ஓட்டும்போது ஒரு மாதிரி. சுற்று ஏறி ஒரு எல்லையைத் தாண்டினால் வால்வு இன்னும் அதிகமாகத் திறக்கும், சத்தமே மாறிவிடும். அந்தச் சத்தம் மாறுகிற இடத்துக்காகவே வண்டி வாங்கினவர்கள் உண்டு. பின்சீட்டில் உட்கார்ந்து அதை முதல் தடவை கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

சாமான்கள் எங்கிருந்து வந்தன? சென்னைப் புதுப்பேட்டையிலிருந்தும் ஜிபி ரோட்டிலிருந்தும். யாராவது இன்டர்வியூவுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று சென்னை போனால் அவன் கையில் ஒரு சீட்டு போகும். வாங்கிய வீலும் ஸ்டீயரிங்கும் ஆம்னி பஸ்ஸில் பார்சலாக ஏறி, எழுநூறு கிலோமீட்டர் வந்து, விடியற்காலையில் நாகர்கோவில் வடசேரியில் இறங்கும். சாக்கைப் பிரித்துப் பார்க்க நாலு பேராவது போயிருப்போம். சாமான் ஒருத்தனுடையது, சந்தோஷம் எல்லாருக்கும்.

பணம் வந்த வழி

கார் ஆசை தமிழ்நாடு முழுக்க இருந்தது. குமரியில் அது அவ்வளவு ஆழமாகப் போனதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. முதலாவது வளைகுடாப் பணம். வீட்டுக்கொரு ஆள் வெளிநாட்டில் என்கிற தெருக்கள் இங்கே நிறைய. அந்தப் பணத்தோடு பொருளும் வந்தது. லீவுக்கு வருகிறவர் அட்டைப்பெட்டியில் பயோனியர் செட்டும் கென்வுட் ஆம்பும் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் ஊர்க் கார்களில் இஞ்சினுக்கு முன்னால் பாட்டுதான் மாறியது. 800-ன் டிக்கியில் பன்னிரண்டு அங்குல சப் ஊஃபரை வைத்து, அதற்கு ஊர் ஆசாரியிடம் பிளைவுட்டில் பெட்டி அடித்து, ஓட்டை எத்தனை அங்குலம் வேண்டும் என்று அவரோடு அரை நாள் தர்க்கம் செய்திருக்கிறோம். மேளத்துக்குத் தோல் கட்டுகிறவரிடம் யோசனை கேட்ட கதையும் உண்டு. பெட்டியின் கொள்ளளவு கூடினால் சத்தம் ஆழத்துக்கு இறங்கும், குறைந்தால் இறுகும் என்பதை அப்படித்தான் கண்டுகொண்டோம்.

இரண்டாவது ரப்பர். விளவங்கோடு, கல்குளம் பக்கம் அரை ஏக்கர் மரம் இருந்தாலே வீட்டில் மாதாமாதம் காசு புழங்கும். 2011-ல் ரப்பர் ஷீட் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. குலசேகரத்திலும் அருமனையிலும் அந்த வருஷங்களில் வீட்டு முற்றங்களில் வந்து நின்ற வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு, அந்த விலை என்ன செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, பக்கத்து மாநிலம். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த நிலம் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. எல்லை மாறினாலும் களியக்காவிளை வழியாகப் போக்குவரத்து நிற்கவில்லை. மார்த்தாண்டத்துக்காரனுக்குத் திருவனந்தபுரம் ஒரு மணி நேரம், சென்னை ஒரு ராத்திரிப் பயணம். சினிமாவுக்கும் துணி எடுக்கவும் அங்கே போகிறவன், அங்கே ரோட்டில் ஓடும் காரையும் பார்த்துவிட்டுத்தான் வருவான். வண்டியை அலங்கரிப்பதில் மலையாளிகளுக்கு உள்ள பித்து ஊரறிந்தது. அப்போது டூரிஸ்ட் பஸ்ஸின் உடம்பில் ஓவியமே வரைந்தார்கள். கேஎல் 01 வண்டியில் பார்த்தது ஒரு மாதத்தில் டிஎன் 75-ல் தெரியும், அப்புறம் டிஎன் 74-க்கு வரும். மார்த்தாண்டம் முதலில், நாகர்கோவில் பிறகு. இதைச் சொன்னால் நாகர்கோவில் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் பார்த்த வரைக்கும் உண்மை இதுதான்.

பிரவுசிங் சென்டர்களையும் விட்டுவிடக் கூடாது. 2003-ல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் விளையாட்டில் காரை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். அடியில் நியான் விளக்குப் போடலாம், பம்பர் மாற்றலாம். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து அதை விளையாடிவிட்டு, அந்த பம்பரை ஃபைபரில் அச்சு எடுத்துத் தர முடியுமா என்று பெயிண்டிங் கடையில் போய்க் கேட்பார்கள். மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் வேலை செய்கிற ஆட்கள் கடற்கரை ஊர்களில் இருந்தார்கள். படகின் பக்கவாட்டைப் போடுகிற அதே ஃபைபர் பாயும் பிசினும் கொண்டு கார் பம்பரும் போடலாம் அல்லவா? போட்டார்கள். வேறு ஊரில் இப்படி நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஓட்ட இடமில்லாத ஊர்

மாடிஃபைடு கார் என்றதும் ரேஸ் என்று நினைக்கிறவர்கள் எங்கள் மாவட்டத்து வரைபடத்தைப் பார்க்க வேண்டும். சுமார் 1,670 சதுர கிலோமீட்டரில் 2011 கணக்குப்படி 18 லட்சத்துக்கும் மேல் ஜனம். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். மேற்கே போகப் போக ஒரு ஊர் எங்கே முடிந்தது, அடுத்த ஊர் எங்கே தொடங்கியது என்றே தெரியாது. பழைய என்எச் 47, வில்லுக்குறியும் தக்கலையும் சுவாமியார்மடமும் தாண்டி, வீட்டு வாசல்களுக்கு நடுவிலேயே வளைந்து வளைந்து போகிறது. ஐந்நூறு மீட்டர் நேராகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில் நடுவே ஒரு கோயிலோ குருசடியோ இருக்கும்.

அதனால் இங்கே வண்டி மாற்றியதெல்லாம் பார்வைக்கும் சத்தத்துக்கும் வளைவில் நிற்கும் பிடிப்புக்கும்தான். அகல டயர் போட்டவன் திற்பரப்பு ரோட்டு வளைவுகளில் வித்தியாசத்தை உணர்ந்தான். நூற்று ஐம்பதில் போய்ப் பார்க்க அவனுக்கு இடமே இல்லை. நேர்ச்சாலை வேண்டும் என்றால் ஆரல்வாய்மொழிக்குத்தான் போக வேண்டும். அங்கே வேறொரு ஆசான் காத்திருப்பார்: காற்று. மலை இடைவெளி வழியாக ஆனி ஆடியில் அடிக்கும் அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். எடையைக் குறைக்கிறேன் என்று பின்சீட்டைக் கழற்றிப் போட்ட 800-ஐ அங்கே எண்பதில் ஓட்டிப் பாருங்கள். வண்டி ஒரு முழம் பக்கவாட்டில் நகரும். ஒரே ஒரு தடவை அப்படி நகர்ந்தபோது, நண்பன் பேசிக்கொண்டிருந்த பேச்சை பாதியில் நிறுத்தினான். மறுநாள் சீட் திரும்ப ஏறியது.

வண்டியை ஊருக்குக் காட்டத் திருவிழாக்கள் இருந்தன. கோட்டார் சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, டிசம்பரில் அருமனைப் பக்கம் கிறிஸ்துமஸ் குடில் பார்க்கிற ராத்திரிகள். கழுவித் துடைத்த வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பக்கத்துச் சுக்குக்காப்பிக் கடையிலிருந்து கவனிப்போம். எங்களைவிட ரப்பர்த் தோட்டத்து ஜீப்காரர்கள் நேர்மையானவர்கள் என்று எனக்கு இன்றும் ஒரு எண்ணம். பேச்சிப்பாறைக்கு மேலே ஷீட்டும் ஆளும் ஏற்றுகிற ஜீப்பில் பெரிய டயரும் உயர்த்திய ஸ்பிரிங்கும் தேவைக்குப் போட்டவை. அழகு தானாக வந்தது.

வெட்டியதில் போனது

நல்லதை மட்டும் சொல்லிப் போனால் அந்தக் காலத்துக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன். நாங்கள் செய்ததில் பாதிக்குமேல் தவறு. அதில் சில, உயிரோடு விளையாடிய தவறுகள்.

வண்டியைத் தாழ்த்துவதற்கென்று செய்த குட்டை ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் கடையில் கிடைக்கும். காசு வேண்டும். எங்களிடம் இருந்தது கிரைண்டர். காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எடுத்துவிட்டால் வண்டி இரண்டு விரற்கடை இறங்கும். பார்க்க அழகாக இருக்கும். இதில் உள்ள கோளாறு இதுதான். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, தன் இருக்கையில் பொருந்தி உட்காரும்படி அமைந்தது. அதை அறுத்தால் மீதிச் சுற்று விளிம்பில் சாய்ந்து நிற்கும். சக்கரம் தரையை விட்டுத் தூக்கும் நேரத்தில் ஸ்பிரிங் தளர்ந்து இடம் பெயரலாம். ஷாக் அப்சார்பர் பழைய நீளத்துக்குச் செய்தது. இப்போது அது நகர இடமில்லாமல் ஒவ்வொரு குழியிலும் அடியில் போய் முட்டும். சக்கரம் உள்பக்கம் சாய்ந்து, டயரின் உள் விளிம்பு மட்டும் தேயும். நின்று பார்த்தால் டயர் புதுசு போலத் தெரியும். குனிந்து உள்ளே கையை விட்டால் கம்பி குத்தும்.

எனக்கு அது நடந்தது ஒரு கால்வாய்ப் பாலத்தின் ஏற்ற இறக்கத்தில். மழை ராத்திரி, பின்னால் இரண்டு பேர். பாலத்து முதுகில் வண்டி கொஞ்சம் எழும்பி இறங்கியது. டங் என்று ஒரு சத்தம். பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் இருக்கையை விட்டுக் கழன்று சாய்ந்துவிட்டது. வண்டி அந்தப் பக்கம் படுத்து, டயர் மட்கார்டில் உரசி வெடித்தது. தென்னந்தோப்பு வேலியில் போய் நின்றோம். ஒருவருக்கும் காயமில்லை. எதிரே அந்த நேரம் ஒரு பைக் வந்திருந்தால் என்ற நினைப்பு இத்தனை வருஷம் கழிந்தும் என்னை விட்டுப் போகவில்லை. ஸ்பிரிங் அறுத்தது நான்தான். ஆசான் மாட்டேன் என்று சொன்ன பிறகு வேறு இடத்தில் போய் அறுத்தேன். வேலியில் நின்ற வண்டியைப் பார்க்க மறுநாள் அவர் வந்தார். திட்டவில்லை. சாய்ந்து கிடந்த ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, அறுத்த முனையை என் கையில் வைத்து, “தடவிப் பாரு” என்றார்.

கண் கூசும் வெளிச்சம் தருகிற எச்ஐடி பல்பும் இப்படித்தான். சாதாரண ஹாலஜன் பல்புக்கென்று வடிவமைத்த ஹெட்லைட்டில் அதை மாட்டினால் வெளிச்சம் ஒழுங்காகக் குவியாமல் எல்லாப் பக்கமும் சிதறும். ஓட்டுகிறவனுக்குப் பகல் போலத் தெரியும், எதிரே வருகிறவனுக்குக் கண் அவிந்துபோகும். ஆஸ்பத்திரி முன்னால் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரை முறுக்கினவர்களை ஊர் சபித்தது நியாயம். அந்தச் சாபத்தில் என் பங்கும் உண்டு.

மூடிக்கொண்ட பானட்

இந்தக் காலம் எதனால் முடிந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் சட்டத்தைத்தான் சொல்வார்கள். சட்டம் இல்லாமல் இல்லை. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடியில் எந்தக் கறுப்புப் பேப்பரும் ஒட்டக் கூடாது என்றது. அந்த மே மாதத்தில் பிளேடும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்து பேப்பர் உரித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2019 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. அது கேரளத்திலிருந்து போன வழக்கு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று நீதிமன்றம் உறுதி செய்தது. அதே வருஷம் திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. வண்டியின் நிறத்தை மாற்றினால்கூட ஆர்சியில் பதிய வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை மறுக்கவும் வழி உண்டு.

ஆனால் என் கணக்கில், சட்டம் வருவதற்கு முன்பே அது பாதி முடிந்துவிட்டது. முதலில் மூடியது வண்டிதான். 2000-ல் புகைக் கட்டுப்பாடு நாடு முழுக்க இறுகியதோடு கார்பரேட்டர் மெல்ல விடைபெற்று, பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற எம்பிஎஃப்ஐ வந்தது. பெட்ரோல் அளவை முடிவு செய்கிற வேலை ஜெட்டிடமிருந்து ஈசியு என்ற கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போனது. 2005-ல் ஸ்விஃப்ட், 2007-ல் அதன் டீசல். அந்த டீசலில் ஆல்டரேஷன் என்றால் ரீமேப். லேப்டாப்பைச் செருகி, டர்போ அழுத்தத்தையும் டீசல் அளவையும் மென்பொருளில் கூட்டுவது. இழுப்பு நிஜமாகவே கூடியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வேலை நடக்கும்போது வண்டிக்காரன் சும்மா வெளியே நிற்க வேண்டும். ஆசானும் வெளியே நின்றார். வேலை தெரிந்த ஆள் கொச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வருவார், காசை வாங்கிக்கொண்டு போவார். பலா மரத்தடியில் யாரும் எதையும் யாரிடமும் கற்கவில்லை. 2020-ல் பிஎஸ் 6 என்ற புதிய புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு ஒரு சென்சாரை ஏமாற்றினால் நாலு சென்சார் சேர்ந்து காட்டிக்கொடுக்கின்றன.

பணமும் வற்றியது. 2011-ல் 200-ஐத் தாண்டிய ரப்பர் 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே விழுந்தது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயல், நின்ற மரங்களையும் வேரோடு சாய்த்துப் போட்டது. கடற்கரை வீடுகளில் அது செய்ததை இந்தக் கட்டுரையில் ஒரு வரியாக எழுத எனக்குக் கை வரவில்லை. ஊரில் இருந்த பையன்களும் போய்விட்டார்கள். வளைகுடாவுக்குப் போன மாமாவின் வண்டியை ஓட்டியவனே இப்போது வளைகுடாவில் மாமாவாக இருக்கிறான்.

மிச்சம் இருந்த வண்டிகளை உப்புக் காற்று தின்றது. மாருதி 800-ன் தரைத் தகடு மெல்லியது. காலடி விரிப்பின் அடியில் ஈரம் நின்றால் கடற்கரை ஊரில் சீக்கிரமே ஓட்டை விழும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. காய்வதற்கு இடைவெளியே கிடையாது. பதினைந்து வருஷம் ஆன காரை மறுபடி பதிவு செய்யும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதற்குப் பிறகு பலர் மனசில்லாமல் இரும்புக்குப் போட்டார்கள். இன்று நல்ல நிலையில் ஒரு கார்பரேட்டர் 800-ஐயோ விடெக் சிட்டியையோ தேடினால் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் சொல்கிற விலையைக் கேட்டு மூச்சு நிற்கும்.

இப்போதைய பையன்களுக்கு ஆசை குறைந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. பொறியியல் கல்லூரி மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, தாங்களே பைப் வளைத்து வெல்டிங் செய்த வண்டியை பாஜா போன்ற மாணவர் வண்டிப் போட்டிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அது முறையான வழி. கல்லூரிக்குப் போகாதவனுக்குத்தான் வழியில்லை. தமிழ்நாட்டில் பேர் பெற்ற ரேஸ் டிராக் என்றால் இவை இரண்டு: 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் திறந்தது, 2003-ல் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் திறந்த கரி ஸ்பீட்வே. இரண்டும் எங்களுக்கு ஒரு ராத்திரித் தூரம். நாங்கள் ஆளில்லாத மேடு தேடி அலைந்த மாதிரி இன்றைக்கும் யாரோ ஒருவன் அலைகிறான், இன்னும் வேகமான வண்டியோடு, நடப்பது என்ன என்று வெயிலில் பிடித்துக் காட்ட ஆள் இல்லாமல். மாவட்டத்தில் ஒரு ஐடிஐயின் மைதானத்தை மாதம் ஒரு ஞாயிறு திறந்துவிட்டால் போதும். வேகம் வேண்டாம். பழைய வண்டிகளைத் திறந்துவைத்து, ஸ்பிரிங் எப்படி உட்காருகிறது என்று கைவைத்துப் பார்க்கட்டும்.

போன வருஷம் நான் ஒரு 800 வாங்கினேன். 1997 மாடல், வெள்ளை, டிஎன் 74. கார்பரேட்டர் வண்டி. பெட்ரோல் டேங்கில் துரு, ஓட்டுநர் காலடியில் கை நுழையும் ஓட்டை. எதையும் ஆல்டர் பண்ணப்போவதில்லை. பிறந்தபடி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆசானுக்கு எழுபது தாண்டிவிட்டது. குழிக்குள் இறங்குவதில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து சொல்கிறார். கோணம் ஐடிஐயில் படிக்கும் என் அக்கா மகன் இறங்குகிறான். முதல் நாள் வந்ததும் அவன் ஃபோனை எடுத்து, ஸ்கேனர் செருகுகிற இடம் எங்கே என்று டேஷ்போர்டுக்கு அடியில் தேடினான். “அதெல்லாம் இதுல இல்லடே” என்றேன். அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டான். ஆசான் பிளக் ஸ்பானரைக் காட்டி, கழற்று என்றார்.

கழற்றியதை அவன் அப்படியே குழிக்குள் இருட்டில் பிடித்துப் பார்த்தான். ஆசான் வெளியே வரச் சொன்னார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கறுப்பா இருக்கு மாமா. நல்லதா கெட்டதா?” என்றான். ஆசான் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை. பலா மரத்துக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடந்த மட்டை ஒன்றை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன்.

தரைத் தகடு இன்னும் ஒட்டவில்லை. இடவப்பாதி, அதாவது தென்மேற்கு மழை, முடியட்டும், ஈரத்தில் வெல்டிங் வைத்தால் நிற்காது என்கிறார் ஆசான்.